இரவில் தொடாமலே சார்ஜ் இறங்குகிறது: பின்னணியில் விழித்திருப்பது யார்?

#1 · இளவேனில்

வணக்கம் நண்பர்களே. தூங்கப் போகும்போது 92 சதவீதம் இருந்த போன், காலையில் 69-இல் நிற்கிறது. இடையில் எட்டு மணி நேரம் யாரும் அதைத் தொடவில்லை. 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி, ஆண்ட்ராய்டு 13, வாங்கி ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. பகலில் பயன்படுத்தும்போது குறையொன்றும் தெரியவில்லை. சும்மா கிடக்கும்போதுதான் சார்ஜ் நிற்பதில்லை.

செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்தால் முதல் இடத்தில் கூகுள் பிளே சர்வீசஸ் இருக்கிறது. அதை முடக்கிவிடலாமா? படுக்கும் முன் சமீபத்திய ஆப்கள் எல்லாவற்றையும் மேலே தள்ளி மூடிவிட்டுத்தான் படுக்கிறேன். பேட்டரி சேவரை எப்போதும் போட்டு வைக்கவும் முடியாது. வேலை தொடர்பான செய்திகள் இரவிலும் வரும், அவை தாமதமானால் எனக்குச் சிக்கல்.

#2 · கதிர்

ஃபேக்டரி ரீசெட் போட்டுவிடுங்கள். எல்லாம் சரியாகிவிடும்.

#3 · சுடரொளி

ரீசெட் வேண்டாம், இளவேனில். ரீசெட் போட்டால் சார்ஜ் இறங்குவது ஒருவேளை நிற்கலாம். ஆனால் எதனால் இறங்கியது என்பது தெரியாமலே போய்விடும். அதே ஆப்களைத் திரும்பப் போட்டதும் அதே கதை தொடங்கும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 92-இலிருந்து 69 என்றால் 23 சதவீதம். 5000-இல் அது 1150 மில்லி ஆம்பியர் மணி. எட்டு மணி நேரத்தால் வகுத்தால் சராசரியாக ஏறக்குறைய 144 மில்லி ஆம்பியர். நன்றாகத் தூங்கும் போன் மணிக்கு அரை சதவீதம், மிஞ்சினால் ஒரு சதவீதம் இழக்கும். அரை சதவீதம் என்றால் 25 மில்லி ஆம்பியர்தான். உங்கள் போன் அதைப்போல ஐந்தாறு மடங்கு எடுக்கிறது. ஆக, அது தூங்கவே இல்லை.

திரை அணைந்தால் போன் தூங்கிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் திரை வேறு, செயலி வேறு. செயலி என்று நான் சொல்வது சிபியுவை. ஆப்களை ஆப் என்றே எழுதுகிறேன், குழப்பம் வேண்டாம். திரை அணைந்த சற்று நேரத்தில் சிபியு உறக்கநிலைக்குப் போக வேண்டும். "எனக்கு வேலை பாக்கி இருக்கிறது, தூங்காதே" என்று ஏதாவது ஓர் ஆப் கேட்டுக்கொண்டால் அது தூங்காது. அந்தக் கோரிக்கைக்குப் பெயர்தான் வேக்லாக். பாட்டு கேட்கிறோம், கோப்பு இறங்குகிறது என்றால் அது தேவையானதே. வேலை முடிந்த பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், அல்லது நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பிக்கொண்டே இருந்தால், அதுதான் உங்களுக்கு நடப்பது.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 டோஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் போன் கிடந்தால் ஆப்களின் இணைய வசதி நிறுத்தப்படும், வேக்லாக்குகள் கண்டுகொள்ளப்படாது, சின்க் (ஒத்திசைவு) வேலைகளும் சாதாரண அலாரங்களும் தள்ளிப்போடப்படும். இடையிடையே ஒரு சிறு இடைவெளி திறக்கும், அதில் எல்லோரும் தங்கள் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டே, ஆண்ட்ராய்டு 7-இல், பையில் அசைந்துகொண்டிருக்கும்போதும் இயங்கும் இலேசான டோஸ் சேர்ந்தது. இத்தனைக்குப் பிறகும் இரவில் 23 சதவீதம் போகிறது என்றால், டோஸிலிருந்து விலக்குப் பெற்ற ஏதோ ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கிறது.

பிளே சர்வீசஸைத் தயவுசெய்து முடக்காதீர்கள். இடம் அறிதல், செய்தி அறிவிப்புகள், கணக்கு சின்க் எல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கின்றன. வேறோர் ஆப் "நான் எங்கே இருக்கிறேன்" என்று கேட்டாலும் தேடிச் சொல்லும் உழைப்பில் பெரும்பகுதி பிளே சர்வீசஸின் கணக்கில் விழுந்துவிடும். முதலிடத்தில் அதைப் பார்த்தால், அதன் பின்னால் நின்று கேட்பது யார் என்றுதான் தேட வேண்டும்.

இன்றிரவு ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு உறங்குங்கள். காலையில் எண்ணைச் சொல்லுங்கள்.

#4 · மருதம்

ஏரோப்ளேன் மோடில் போட்டால் அவருக்குச் செய்தி எப்படி வரும்? அதைவிட நல்ல ராம் கிளீனர் ஒன்றைப் போடலாமே. நான் மணிக்கொருமுறை நினைவகத்தைச் சுத்தம் செய்யும்படி வைத்திருக்கிறேன். போன் வேகமாகவும் இருக்கிறது.

#5 · பொறியாளன்

மருதம் நண்பரே, இதில் உங்களோடு உறுதியாக மாறுபடுகிறேன். நினைவகம் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அதற்குச் செலவாகும் மின்சாரம் ஏறத்தாழ ஒன்றுதான். உள்ளே இருப்பது தேவையா இல்லையா என்று பார்த்து அது மின்சாரம் எடுப்பதில்லை. சில்லு முழுவதையும் புதுப்பித்துக்கொண்டேதான் இருக்கும். நினைவகத்தில் இருக்கும் ஆப் வேறு, ஓடிக்கொண்டிருக்கும் ஆப் வேறு. ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு, பின்னணியில் சும்மா தங்கியிருக்கும் ஆப்களை உறைநிலையில் வைக்கும் வசதியே வந்துவிட்டது. உறைந்த ஆப்புக்கு சிபியு நேரம் துளியும் கிடைக்காது.

நீங்கள் மூடிய ஆப்பைத் திரும்பத் திறக்கும்போது அது சேமிப்பகத்திலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அதற்குத்தான் சிபியு கூடுதலாக உழைக்கிறது. அப்புறம், சில ஆப்கள் கொல்லப்பட்டதும் உடனே தாமாக எழுந்துகொள்ளும்படி எழுதப்பட்டவை. கிளீனர் கொல்லும், அது எழும், மறுபடி கொல்லும். இந்த மல்லுக்கட்டில் பேட்டரிதான் தேயும். மணிக்கொருமுறை வேலை செய்ய அந்த கிளீனரே போனை எழுப்பியாக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#6 · மருதம்

எழும், கொல்லும் என்பது இப்போதைய ஆண்ட்ராய்டிலும் நடக்கிறதா? 8-ஆம் பதிப்பிலேயே பின்னணி சேவைகளுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டதாகப் படித்த நினைவு.

#7 · பொறியாளன்

வந்தது, உண்மைதான். 2017-இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது, திரையில் இல்லாத ஆப் தன் விருப்பத்துக்குச் சேவையை ஓட்டிக்கொண்டிருக்க முடியாது என்றானது. பின்னணியில் இடம் கேட்பதும் மணிக்குச் சில முறைதான் என்று குறைந்தது. அதனால் முன்பு இருந்த அளவுக்கு இப்போது இல்லை. ஆனால் அறிவிப்பு ஒன்றைக் காட்டிக்கொண்டு ஓடும் முன்னணிச் சேவை என்ற வழி திறந்தே இருக்கிறது. வழிகாட்டி, பாட்டு, உடற்பயிற்சி ஆப்களுக்கு அது கட்டாயம் வேண்டும். அந்த வாசலில் தேவையில்லாதவையும் நுழைந்துவிடுகின்றன.

#8 · இளவேனில்

ஏரோப்ளேன் மோடில் வைத்துப் பார்த்தேன். 2 சதவீதம் மட்டுமே இறங்கியது! அப்படியானால் பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது?

#9 · சுடரொளி

பேட்டரிக்கு ஒன்றுமில்லை. பேட்டரி தேய்ந்திருந்தால் ஏரோப்ளேன் மோடிலும் சதவீதம் வேகமாக விழும். ரேடியோக்கள் எல்லாம் அணைந்தபோது போன் உறங்குகிறது. ஆகவே, தொல்லை வெளியுலகோடு பேசும் ஏதோ ஒன்றில் இருக்கிறது. மொபைல் நெட்வொர்க், வைஃபை, புளூடூத், இடம் அறிதல். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள். அடுத்து மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டு வைஃபையை விட்டுவையுங்கள். செய்திகளும் தடையில்லாமல் வரும்.

#10 · அலைவரிசை

சிக்னலைப் பற்றி யாரும் பேசவில்லையே. போன் தொடர்பு வலையமைப்புகளில் வேலை செய்பவன் என்ற முறையில் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் ஆப்களைத் திட்டும் பல இடங்களில் உண்மையான காரணம் சுவர்தான்.

4ஜி போன் அனுப்பக்கூடிய அதிகபட்சத் திறன் பொதுவாக 23 டிபிஎம், அதாவது 200 மில்லி வாட். கோபுரம் அருகில் இருந்தால் அதில் சிறு பங்கே போதும். சிக்னல் மங்கிய அறையில் போனை வைத்தால் அந்த அதிகபட்சத்தை ஒட்டியே கத்த வேண்டியிருக்கும். அதை உண்டாக்க ஆம்ப்ளிஃபயர் பேட்டரியிலிருந்து எடுப்பதோ அதைவிடப் பல மடங்கு. சிக்னல் வந்து வந்து போகும் இடம் இன்னும் மோசம். கோபுரத்தைத் தேடுவது, பதிவு செய்வது, இழப்பது, மறுபடி தேடுவது என்றே இரவு கழியும்.

பின்னணிச் சேவைகள் இதோடு சேரும்போதுதான் சேதம் பெரிதாகிறது. ஓர் ஆப் 1 கிலோபைட் அனுப்புகிறது என்று வையுங்கள். அனுப்ப ஆகும் நேரம் நொடியில் சிறு பங்கு. ஆனால் ரேடியோ உடனே ஓய்வுக்குத் திரும்பாது. அடுத்த தகவல் வரலாம் என்று சில நொடிகள், நெட்வொர்க்கின் அமைப்பைப் பொறுத்துப் பத்து நொடி வரைகூட, உயர்மின் நிலையிலேயே காத்திருக்கும். இந்த வால்நேரம்தான் பேட்டரியைக் குடிப்பது. ஒரு செம்புத் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மோட்டாரைப் போட்டு, அது ஓடி நிற்கும் வரை காத்திருப்பது போல. ஒரே தடவையில் 60 கிலோபைட் அனுப்பும் ஆப் பேட்டரிக்கு ஏறத்தாழ ஒன்றும் செய்யாது. நிமிடத்துக்கு 1 கிலோபைட்டாக ஒரு மணி நேரம் அனுப்பும் ஆப் அதே 60 கிலோபைட்டுக்கு ரேடியோவை 60 முறை எழுப்பும். டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தில் இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும். அதனால்தான் "இந்த ஆப் டேட்டாவே எடுப்பதில்லை, அதை ஏன் சந்தேகப்படுகிறீர்கள்" என்ற வாதம் நிற்காது.

#11 · வெண்பா

இதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி, அலைவரிசை ஐயா. அறிவிப்புகளும் அப்படித்தானே அடிக்கடி எழுப்பும்? பத்து ஆப் அறிவிப்பு அனுப்பினால் பத்து இணைப்புகள் திறந்திருக்குமா?

#12 · அலைவரிசை

இருக்காது, நல்ல கேள்வி. அதற்காகத்தான் பொது இணைப்பு. ஆண்ட்ராய்டில் பிளே சர்வீசஸ் ஒரே இணைப்பைத் திறந்து வைத்திருக்கும், எல்லா ஆப்களின் அறிவிப்பும் அந்த வழியாகவே வரும். ஐபோனில் ஆப்பிளின் அறிவிப்புச் சேவை அதே வேலையைச் செய்கிறது. அந்த வழியைப் பயன்படுத்தாமல் தனக்கென ஓர் இணைப்பை வைத்துக்கொண்டு, அது அறுந்துவிடாமல் அடிக்கடி தட்டிப் பார்க்கும் ஆப்தான் கவனிக்கப்பட வேண்டியது.

#13 · இளவேனில்

மொபைல் டேட்டாவை அணைத்து, வைஃபையில் மட்டும் வைத்தேன். 21 சதவீதம் போய்விட்டது. வைஃபை ரூட்டர் பக்கத்து அறையில்தான், சிக்னல் முழுதாக இருக்கிறது.

#14 · சுடரொளி

அப்படியென்றால் மொபைல் டேட்டா முக்கியக் குற்றவாளி இல்லை. இனி ஊகம் வேண்டாம், போனிடமே கேட்டுவிடுவோம். இரண்டு வழிகள்.

எளிது முதலில். ஆண்ட்ராய்டு 12 முதல் தனியுரிமை டாஷ்போர்டு இருக்கிறது. கடந்த 24 மணி நேரத்தில் இடம், கேமரா, மைக் ஆகியவற்றை எந்த ஆப் எப்போது தொட்டது என்று நேர வரிசையில் காட்டும். நீங்கள் உறங்கிய நேரத்தில் இடத்தைக் கேட்டது யார் என்று பாருங்கள்.

அடுத்தது கணினி வழி. வேக்லாக் விவரங்களைச் சாதாரண ஆப்கள் படிக்க முடியாதபடி 2013-இல், ஆண்ட்ராய்டு 4.4-இல், பூட்டிவிட்டார்கள். அதனால் கடையிலிருந்து இறக்கும் "பேட்டரி டாக்டர்" வகையறாக்கள் பெரும்பாலும் ஊகித்துத்தான் சொல்கின்றன. டெவலப்பர் விருப்பங்களில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கணினியில் ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக பேட்டரிஸ்டாட்ஸ் என்ற பேட்டரிப் பயன்பாட்டுப் பதிவை அழித்துவிடுங்கள். போனை முழுதாகச் சார்ஜ் செய்து, கேபிளைக் கழற்றிவிட்டு இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் மறுபடி இணைத்ததும் வேறு எதையும் செய்வதற்கு முன் பதிவை எடுங்கள். அது மிக நீளமாக இருக்கும், பயப்படாதீர்கள். பார்க்க வேண்டியது சிலதான்: திரை அணைந்திருந்த மொத்த நேரம், அதில் சிபியு விழித்திருந்த நேரம், அப்புறம் ஒவ்வோர் ஆப்பின் கீழும் எழுதியிருக்கும் பகுதி வேக்லாக் (திரை அணைந்தாலும் சிபியுவை மட்டும் விழிக்க வைப்பது) நேரம், புளூடூத் தேடல் நேரம், சென்சார் நேரம்.

எல்லாம் முடிந்ததும் யூஎஸ்பி டீபக்கிங்கை அணைத்துவிட மறக்காதீர்கள்.

#15 · இளவேனில்

கிடைத்துவிட்டது!

டாஷ்போர்டில் இரவு முழுவதும் சீரான இடைவெளியில் ஒரே ஆப்பின் பெயர்: என் பழைய கைக்கடிகாரத்துக்கான ஆப். அந்தக் கடிகாரம் இப்போது என்னிடம் இல்லவே இல்லை, உறவுக்காரப் பையனிடம் இருக்கிறது. பதிவை எடுத்துப் பார்த்தபோது அதே ஆப்பின் கீழ் புளூடூத் தேடல் ஏழு மணி நேரத்துக்கு மேல். பகுதி வேக்லாக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆப்பின் பேட்டரி அமைப்பு "கட்டுப்பாடற்றது" என்று இருக்கிறது. கடிகாரத்தை முதன்முதலில் இணைக்கும்போது அது கேட்டது, அப்போது கொடுத்த அனுமதி.

சுடரொளி அண்ணா, ஒரு சந்தேகம். கடிகார ஆப் எதற்கு இடத்தைக் கேட்கிறது?

#16 · சுடரொளி

மிக்க மகிழ்ச்சி! இப்போது எல்லாம் பொருந்துகிறது பாருங்கள்.

கடிகாரத்தோடு இணைப்பு அறுந்தால் "கடைசியாக எங்கே விட்டீர்கள்" என்று காட்டுவதற்காக இந்த வகை ஆப்கள் இடத்தைக் கேட்கும். அந்த உழைப்புதான் பிளே சர்வீசஸின் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. அருகில் எந்தப் புளூடூத் கருவிகள் இருக்கின்றன என்பதை வைத்தே ஒருவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட முடியும். அதனால் ஆண்ட்ராய்டு 11 வரை, புளூடூத் தேடலுக்கே இட அனுமதி கட்டாயம். 12-இல்தான் அதற்குத் தனி அனுமதி வந்தது.

கடிகாரம் அருகில் இருக்கும்போது இந்த ஆப் அமைதியாகவே இருந்திருக்கும். இணைப்பு நிலையாக இருந்தால் புளூடூத் லோ எனர்ஜி மிகக் குறைவாகத்தான் எடுக்கும். கடிகாரம் காணாமல் போனதும் தேடத் தொடங்குகிறது. கிடைக்கவில்லை, மறுபடி தேடுகிறது. எப்போது கைவிட வேண்டும் என்று அதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. சாதாரண ஆப்பாக இருந்தால் டோஸ் அதை அடக்கியிருக்கும். இதற்கோ கட்டுப்பாடற்ற அனுமதி இருக்கிறது. ஏரோப்ளேன் மோடில் புளூடூத்தும் அணைந்ததால் போன் உறங்கியது. மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்தபோது மாற்றமில்லாததற்கும் காரணம் அதுதான்.

ஆப்பை நீக்குவதற்கு முன் புளூடூத் பட்டியலிலிருந்து அந்தக் கடிகாரத்தை மறக்கச் செய்யுங்கள். உங்களிடம் ஆண்ட்ராய்டு 13 இருப்பதால், அறிவிப்புத் திரையை முழுதாக இறக்கினால் அடியில் "செயலில் உள்ள ஆப்கள்" என்று ஓர் எண் தெரியும். முன்னணிச் சேவை ஓட்டும் ஆப்கள் அதில் இருக்கும், அங்கேயே நிறுத்தவும் செய்யலாம். அறிவிப்பை மறைத்திருந்தாலும் அந்தப் பட்டியலில் அது தப்பாது.

#17 · இளவேனில்

நீக்கியாயிற்று. நேற்றிரவு 4 சதவீதம், வைஃபையும் மொபைல் டேட்டாவும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

#18 · நெய்தல்

இழையை முழுதும் படித்தேன். பயனுள்ளது. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் ஒருவர் சொல்லியாக வேண்டும்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். உடலில் ஒட்டிய சென்சாரிலிருந்து அளவு புளூடூத் வழியாகப் போனுக்கு வரும், இரவில் அளவு குறைந்தால் ஆப் ஒலியெழுப்பும். அந்த ஒலி ஒருநாள் வரவில்லை. போனின் பேட்டரி மேலாளர் அந்த ஆப்பை "அதிகம் மின்சாரம் எடுக்கிறது" என்று சொல்லி நள்ளிரவில் நிறுத்தியிருக்கிறது. நல்லவேளையாக அம்மா விழித்திருந்தார். பின்னணிச் சேவை என்றாலே திருடன் என்பது போலப் பேசும்போது எனக்குப் பதறுகிறது. சில சேவைகள் விழித்தே இருக்க வேண்டும். அதற்கு 10 சதவீதம் போனாலும் போகட்டும்.

#19 · பொறியாளன்

நெய்தல், நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கூகுள் வகுத்த விதிகளுக்கு மேல், போன் தயாரிப்பாளர்கள் சிலர் தங்கள் சொந்த விதிகளையும் ஏற்றுகிறார்கள். திரை அணைந்த சற்று நேரத்தில் ஆப்பைக் கொல்வது, தானாகத் தொடங்குவதைத் தடுப்பது போன்றவை. இதனால் அலாரம், மாத்திரை நினைவூட்டல், மருத்துவக் கருவி ஆப்கள் சாகின்றன. டோன்ட் கில் மை ஆப் என்ற இணையதளம் இதற்காகவே இருக்கிறது. தயாரிப்பாளர்வாரியாக எந்த அமைப்பை எங்கே மாற்ற வேண்டும் என்று அதில் தொகுத்திருக்கிறார்கள்.

அப்பாவின் போனில் மூன்றைச் சரிபாருங்கள். ஆப்பின் பேட்டரி அமைப்பு கட்டுப்பாடற்றதாக இருக்க வேண்டும். தயாரிப்பாளரின் தனி பேட்டரி பக்கத்தில் "தானாகத் தொடங்கு", "பின்னணியில் இயங்கு" என்று ஏதாவது இருந்தால் அனுமதியுங்கள். பயன்படுத்தாத ஆப்களின் அனுமதியைத் தானாகப் பறிக்கும் அமைப்பு அந்த ஆப்புக்கு மட்டும் அணைந்திருக்க வேண்டும். சிஸ்டம் புதுப்பிப்பு வந்த பிறகு மறுபடி பாருங்கள், சில போன்களில் இவை பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன.

#20 · சுடரொளி

நெய்தல், அப்பா நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன். கட்டுப்பாடற்ற அனுமதி யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் அப்பாவின் ஆப்புக்கு அது இல்லாமல் இருந்தது ஆபத்து. இளவேனில் போனில் இல்லாத கடிகாரத்துக்கு அது இருந்தது வீண். அந்த விலக்குப் பட்டியலை ஒவ்வொருவரும் திறந்து பார்த்துவிடுங்கள், அதில் இரண்டு மூன்று பெயர்களுக்கு மேல் இருக்கத் தேவையில்லை.

#21 · தறி

ஆப் எழுதுகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்களைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. "ஒவ்வொரு நிமிடமும் சர்வரைக் கேள்" என்று எழுதுவது மிகச் சுலபம். சோதிக்கும்போது போன் கேபிளில் செருகியே இருக்கும், சார்ஜ் இறங்குவது எங்கள் கண்ணில் படாது.

சரியான வழி எல்லாம் இருக்கிறது. அவ்வப்போது நடக்க வேண்டிய வேலையை வொர்க்மேனேஜரிடம் (பின்னணி வேலைகளை நேரம் பார்த்து ஓட்டும் ஆண்ட்ராய்டு வசதி) ஒப்படைத்தால் அது மற்ற ஆப்களின் வேலைகளோடு சேர்த்து ஒரே தடவையில் முடிக்கும். அதில் குறைந்தபட்ச இடைவெளியே 15 நிமிடம். அவசரமான செய்திக்கு உயர் முன்னுரிமை அறிவிப்பு அனுப்பினால் டோஸில் இருந்தாலும் போன் எழும். ஆண்ட்ராய்டு 14 முதல் முன்னணிச் சேவை எதற்கென்று வகையை அறிவிக்க வேண்டும். 15-இல் தரவு சின்க் வகைச் சேவைக்கு 24 மணி நேரத்தில் 6 மணி நேரம்தான் உச்சவரம்பு. திரை அணைந்த நிலையில் ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் வேக்லாக் பிடிக்கும் ஆப்பை மிகையானது என்று பிளே ஸ்டோர் எண்ணத் தொடங்கியிருக்கிறது. இசை போன்ற நியாயமான காரணங்களுக்கு விலக்கு உண்டு. இவ்வளவு கெடுபிடி வந்தது நல்லதுதான் என்பது என் எண்ணம். கேட்டுக்கொண்டபோது நாங்கள் திருந்தவில்லை.

#22 · வெண்பா

ஐபோனில் என்ன செய்வது? இங்கே இத்தனை பதிவுகளை எடுக்க முடியாதே.

#23 · பொறியாளன்

தேவையும் பெரும்பாலும் இருக்காது. செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தில் ஒவ்வோர் ஆப்பும் திரையில் எவ்வளவு, பின்னணியில் எவ்வளவு நேரம் இருந்தது என்று தனித்தனியாகக் காட்டும். திரையில் சில நிமிடமும் பின்னணியில் பல மணி நேரமும் இருக்கிற ஆப் பாட்டு அல்லது வழிகாட்டி ஆப்பாக இல்லாவிட்டால், அதைச் சந்தேகிக்கலாம். 2013-இல் ஐஓஎஸ் 7-இல் வந்த பின்னணிப் புதுப்பிப்பை ஆப்வாரியாக அணைக்கலாம். அதை அணைத்தாலும் அறிவிப்புகள் வரும். இடம் அறிதலில் "எப்போதும்" என்று இருப்பதை "பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றுங்கள்.

ஆப்களை மேலே தள்ளி மூட வேண்டாம். ஆப் உறைந்து நின்றால் மட்டுமே அப்படி மூடுங்கள் என்றுதான் ஆப்பிளும் சொல்கிறது. சிஸ்டம் புதுப்பித்த உடனே சார்ஜ் வேகமாக இறங்கினால் ஓரிரு நாள் பொறுங்கள், படங்களையும் கோப்புகளையும் உள்ளே வரிசைப்படுத்தும் வேலை முடிய வேண்டும்.

#24 · கதிர்

எனக்கும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கடவுச்சொல் மாற்றிய பிறகு பழைய கடவுச்சொல்லோடே போனில் கிடக்கும் மின்னஞ்சல் கணக்கு. அது தோற்றுத் தோற்று மறுபடி முயன்றுகொண்டே இருக்கும். ரீசெட் போட்டால் சரியாவது இதனால்தானோ?

#25 · சுடரொளி

ஆமாம் கதிர், மிக முக்கியமான ஒன்று. விளம்பரத் தடுப்பான் ஒரு சர்வரை அடைத்துவிட, அதை அடைய முடியாத ஆப் விடாமல் முயல்வதும் இதே வகை. கணக்குகள் பக்கத்தில் சின்க் பிழை என்று சிவப்பாக ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாலே ரீசெட் இல்லாமல் முடிந்துவிடும்.

#26 · மருதம்

கிளீனரை நீக்கிவிட்டுப் பதிவை எடுத்துப் பார்த்தேன். வேக்லாக் பெயர்களில் சில நட்சத்திரக் குறிக்குள் "ஜாப்", "அலாரம்", "சின்க்" என்று தொடங்குகின்றன. அவற்றுக்கு மேலே "ஆடியோமிக்ஸ்" என்று ஒன்று இரண்டரை மணி நேரம். இரவில் எந்தப் பாட்டும் ஓடவில்லை. இது எதனால்?

பதிவு முழுவதையும் இங்கே ஒட்டட்டுமா?

#27 · சுடரொளி

முழுவதையும் ஒட்டாதீர்கள். உங்கள் போனில் இருக்கும் ஆப்கள் அத்தனையின் பெயரும் அதில் உண்டு. முழு பக் ரிப்போர்ட் (போனின் மொத்தப் பிழை அறிக்கை) என்றால் கணக்கு விவரங்களும் சேர்ந்துவிடும். வேண்டிய வரிகளை மட்டும் எடுத்துப் போடுங்கள்.

ஜாப் என்பது சிஸ்டத்திடம் ஒப்படைத்த பின்னணி வேலை. அலாரம் என்பது குறித்த நேரத்தில் எழுப்பச் சொன்னது. சின்க் என்பது கணக்கு ஒத்திசைவு. அந்தச் சொல்லுக்குப் பின்னாலேயே எந்த ஆப் என்பதும் இருக்கும்.

ஆடியோமிக்ஸ் வேறு. ஒலி வெளியேறும் பாதை திறந்திருக்கும் வரை அது பிடித்துக்கொள்ளும், காதில் எதுவும் கேட்க வேண்டும் என்பதில்லை. காணொளியை நிறுத்தியும் ஒலிப்பாதையை மூடாத ஆப், பின்னணியில் உயிரோடிருக்க ஓசையில்லாத ஒலியை ஓட்டும் ஆப், இரண்டும் இதைச் செய்யும். 2015 அக்டோபரில் ஐபோனில் ஃபேஸ்புக் ஆப் பேட்டரியைத் தின்றபோது வெளிவந்த காரணங்களில் ஒன்று இதுதான்: காணொளி பார்த்து முடித்து வெளியேறிய பிறகும் ஒலி அமர்வு திறந்தே கிடந்தது. அவர்களே ஒப்புக்கொண்டு திருத்தினார்கள்.

படுக்கும் முன் கடைசியாக ஒலியோ காணொளியோ ஓட்டிய ஆப் எது என்று நினைவுபடுத்துங்கள். உறக்கத்துக்கு மழைச் சத்தம் போடும் ஆப்பும் இதில் சேரும், நேரம் முடிந்து ஒலி நின்றாலும் பாதை மூடாமல் இருக்கலாம். ஒரு இரவு அதைத் திறக்காமல் விட்டு, ஆடியோமிக்ஸ் நேரம் குறைகிறதா என்று பாருங்கள்.

#28 · மருதம்

மழைச் சத்த ஆப் இருக்கிறது. இன்றிரவு அதைத் திறக்காமல் பதிவெடுத்து, அந்த வரியை மட்டும் போடுகிறேன்.